அன்று எங்கே இருந்தீர்கள்?

டிசம்பர் மாதம் 26-ந் தேதி வருகின்றபோதெல்லாம் நம் நாட்டுக் கடற்கரை ஊர்களிலும், கடலுக்கு வெகு தூரத்திலுள்ள உள்நாட்டு ஊர்களிலுங்கூட, ஒரு கேள்வி தவறாமல் கேட்கப்பட்டு வருகின்றது. "சுனாமி வந்த அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?" என்பதே அக்கேள்வி. 2004-ஆம் வருஷத்தில் நடந்த அந்தக் கோரம் இருபது வருஷத்தைத் தாண்டிவிட்டபோதிலும், இதற்கு விடை சொல்ல யாரும் யோசிப்பதேயில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன் என்பார் ஒருவர். பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன் என்பார் மற்றொருவர்.

இப்படி நினைத்துப் பார்ப்பதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேரையும், அதில் நாகை மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்கு மேலும், 14 நாடுகளில் மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேலும் கொண்டுபோன ஒரு காரியத்தை மனிதன் மறந்துவிட்டால் அவன் மனிதனாக மாட்டான். ஆனால் இந்தப் பேச்சு பெரும்பாலும் எங்கே போய் முடிகின்றது என்பதையே வாசகர்கள் கவனிக்க வேண்டும். "அன்று கடற்கரைக்குப் போவதாகத்தான் இருந்தேன், ஏதோ ஒரு தடங்கல் வந்தது, எல்லாம் கடவுள் கிருபை" என்பதில் போய் முடிகின்றது. இந்த முடிவைப் பற்றியே நாம் எழுதப் புகுந்தோம்.

நமது சாட்சியின் யோக்கியதை

பிறர் கதையைத் தொடுவதற்கு முன் நம் கதையைச் சொல்லிவிடுகின்றோம். அன்று நாம் இருபது வயதைத் தாண்டிய வாலிபர். திருவாரூர்ப் பக்கத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்து வந்தோம். பிற்காலத்தில் எத்தனையோ கூட்டங்களில், "அன்று மாலையே நாகைக்கு ஓடினோம், இந்தக் கைகளால் பிணங்களைப் புதைத்தோம், அங்கே எந்தக் கடவுளையும் காணோம்" என்று மேடையில் பேசியிருக்கின்றோம். அதைக் கேட்டு அழுத தாய்மார்கள் உண்டு. நாமும் அழுதிருக்கின்றோம்.

சமீபத்தில் ஒரு பழைய தகரப் பெட்டியைக் குடைந்தபோது நமது 2004-ஆம் வருஷத்து நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. அதில் 26-ந் தேதியில், பகலில் டீக்கடையில் சேதி கேட்டதாகவும், மாலையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சடித்ததாகவும் நம் கையெழுத்தாலேயே எழுதியிருக்கின்றது. 29-ந் தேதியில்தான் நாகைக்குப் போயிருக்கின்றோம். அன்றும் நம்மைப் பிணம் புதைக்கும் இடத்திற்கு விடவில்லை. ஒரு முகாமில் அரிசி மூட்டை இறக்கிவிட்டு இரவு பஸ்ஸில் திரும்பியிருக்கின்றோம். நாம் புதைத்த பிணம் ஒன்றுகூட இல்லை!

நாம் வேண்டுமென்று பொய் சொன்னோமா என்றால், இல்லை. புதைத்த தோழர்கள் சொன்னதும், டெலிவிஷனில் பார்த்ததும் மெல்ல மெல்ல நம் மூளைக்குள் புகுந்து, நமது சொந்த அனுபவம் என்னும் வேஷத்தைப் போட்டுக்கொண்டுவிட்டன. இந்த நோட்டை அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் புராணக்காரனைப் பார்த்து ஆதாரம் எங்கே என்று கேட்டு வந்த நாம், நமக்கு எதிரான ஆதாரத்தை மாத்திரம் எரிக்கலாமா? ஆகவேதான் இதை அச்சில் போடுகின்றோம்.

இது நமக்கு மாத்திரம் உள்ள வியாதியுமல்ல. 1986-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி அமெரிக்காவில் சாலஞ்சர் என்ற விண்கலம் கிளம்பிய 73-வது வினாடியில் வெடித்து, அதிலிருந்த 7 பேரும் மாண்டனர். மறுநாள் காலையில் எமரி சர்வகலாசாலை மாணவர்களிடம் நைசர், ஹார்ஷ் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள், "சேதி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்" என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுமார் இரண்டரை வருஷங் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். கால்வாசிப் பேர் முக்கியமான சங்கதி அத்தனையிலும் தவறாகச் சொன்னார்கள். முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர்தான். தவறாகச் சொன்னவர்களிலும் பலர் வெகு நிச்சயத்தோடு சொன்னார்கள். அவரவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதுங்கூடப் பழைய ஞாபகம் திரும்பி வரவில்லையாம்.

படித்த வாலிபர்களின் மூளை இரண்டரை வருஷத்தில் இந்த வேலை செய்யுமானால், ஆயிரம் வருஷத்திற்கு முன் எவனோ கண்டதாக எவனோ சொல்லி எவனோ எழுதி வைத்த ஸ்தல புராணங்களின் யோக்கியதை எவ்வளவு இருக்கும் என்பதை வாசகர்களே நினைத்துப் பார்க்கட்டும். "என் கண்ணால் கண்டேன்" என்பது ஆதாரத்தின் ஆரம்பமே தவிர, முடிவாகிவிடாது.

கடவுள் கணக்கு

இனிக் கிருபைக் கதைகளைப் பார்ப்போம். திருச்செந்தூரில் கடல் பொங்காததற்கு முருகன் காரணமென்றார்கள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் பூசையிலிருந்தவர்கள் பிழைத்ததற்கு மாதா காரணமென்றார்கள். சுமத்ராவின் அச்சே நாட்டில் பெரிய மசூதி இடியாமல் நின்றதற்கு அல்லா காரணமென்றார்கள். மூன்று மதக்காரர்களும் மற்ற எதில் சண்டை போட்டாலும் இந்தக் கணக்கு எழுதுவதில் மாத்திரம் ஒரே மாதிரியாக இருக்கிறார்கள். வரவை எழுதுகிறார்கள், செலவை எழுதுவதில்லை.

அலை வந்த திசைக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே இலங்கைத் தீவு கிடக்கின்றது. அந்தத் தீவைச் சுற்றி வந்த அலை அதே தென்கோடியில் குளச்சல் முதலிய ஊர்களை அழித்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 800 பேரைக் கொன்றது. அவர்கள் முருகனுக்கு என்ன துரோகம் செய்தார்கள்? வேளாங்கண்ணிக் கரையில் செத்தவர்களில் ஏராளமானவர்கள் கிறிஸ்துமஸுக்காக அந்த மாதாவையே தேடி வந்த யாத்திரிகர்களாயிற்றே, அவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இந்தோனேஷியாவில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் ஒன்றரை லட்சத்திற்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வேளை தொழுதவர்கள். மசூதி நின்றதற்குப் பலமான தூண்களும், தண்ணீர் புகுந்து வெளியேற இடம் விட்ட கட்டட அமைப்பும் போதுமான சமாதானமாகும்.

"ஒரு மடாதிபதியைக் கைது செய்த பாவந்தான் கடலாக வந்தது" என்று சொன்ன மேதாவிகளும் அப்போது இருந்தார்கள். 1934-ல் பீஹார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தியார் சொன்னபோது, இரவீந்திரநாத் தாகூரே அதை ஆட்சேபித்தார். நல்ல காரியத்திற்காகச் சொன்னாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான். ஒருவர் அதைத் தீண்டாமை ஒழியச் சொன்னால், மற்றொருவர் மடாதிபதியைக் காப்பாற்றச் சொல்லுவார்.

அங்கே இருந்தது ஏன்?

அப்படியானால், அன்று யார் எங்கே இருந்தார் என்பதைத் தீர்மானித்தது எது? இதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அன்று ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆழமான கடலில் சுனாமி உயரமாக எழும்புவதில்லை. பூகம்பம் நடந்து இரண்டு மணி நேரத்திற்குப் பிறகு வங்காள விரிகுடாவின் மேல் சென்ற ஜேசன் என்னும் செயற்கைக்கோள் அளந்தபோது, நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் இரண்டடிதான். ஆழங்குறைந்த கரையோரம் வந்தபிறகுதான் அது சுவராக எழுந்தது. கரையில் இருந்தவர்கள் யார்? வலை திரும்பி வருவதை எதிர்பார்த்துக் கூடையோடு நின்ற பெண்களும், குடிசையில் பிள்ளைகளோடு இருந்த பெண்களுந்தான். கடலூர் மாவட்டத்தில் ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு பெண்கள் மாண்டதாக ஆக்ஸ்பாம் என்னும் தொண்டு ஸ்தாபனம் 2005-ல் கணக்குக் காட்டிற்று. கடலருகே பிறந்து வளர்ந்தும் நீந்தக் கற்றுக்கொடுக்கப்படாத பெண், மரமேறினால் மானம் போய்விடும் என்று வளர்க்கப்பட்ட பெண், புடவையும் கூந்தலும் காலையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ள, இடுப்பில் குழந்தையோடு ஓடினாள். அவளை அங்கே நிறுத்தியது விதியா? நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுதானே!

செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். கடல் ஜாதி பார்க்காமல் அடித்தது. ஆனால் சில நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் தனியே ஒதுக்கப்பட்டார்கள் என்றும், பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டார்கள் என்றும் அக்காலத்துப் பத்திரிகைகளிலும் மனித உரிமைச் சங்க அறிக்கைகளிலும் வெளியாயிற்று. வீட்டையும் படகையும் பெற்ற பிள்ளையையும் வாரிக்கொண்டு போன தண்ணீரால் ஜாதியை மாத்திரம் வாரிக்கொண்டு போக முடியவில்லை. "எங்கே இருந்தீர்?" என்ற கேள்விக்கு, "முகாமுக்கு வெளியே இருந்தேன்" என்று விடை சொல்லக்கூடியவர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள் என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

காப்பாற்றுகின்ற ஞாபகம்

பூகம்பம் நடந்தது நமது மணிக்கு காலை 6.29. அலை சென்னை, நாகைக் கரைகளைச் சேர்ந்தது 8.30 மணிக்கு மேல். நடுவே இரண்டு மணி நேரம் இருந்தது. பசிபிக் கடலுக்கு 1949-லிருந்தே சுனாமி எச்சரிக்கை நிலையம் இருந்து வந்தது. இந்தியக் கடலுக்கு இல்லை. கார் நிக்கோபார் தீவில் விமானப்படைத் தளம் மூழ்கிய பிறகும் நம் கரைக்கு எச்சரிக்கை வரவில்லை. பூகம்பத்தைப் பற்றிய ஒரு ஃபேக்ஸ், பதவியிலில்லாத ஒரு பழைய மந்திரியின் வீட்டிற்கு விலாசந் தப்பிப் போனதாகவும் பத்திரிகைகள் எழுதின. ஆகவே மக்களைக் கைவிட்டது அறிவில்லாமையும் பொறுப்பில்லாமையுமே.

இதே நாளில், பூகம்பம் பிறந்த இடத்திற்கு வெகு அருகிலுள்ள சிமெலுவே என்னும் தீவில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே 1907-ல் ஒரு சுனாமி வந்து மக்களை அழித்தது. பிழைத்தவர்கள் தாங்கள் எங்கே நின்றோம் என்பதை மாத்திரம் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. "நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு" என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துச் சொல்லி வந்தார்கள். அதற்கு ஸ்மோங் என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். 97 வருஷங் கழித்து நிலம் ஆடியதும் தீவே மேட்டுக்கு ஓடிற்று. சுமார் 78,000 பேரில் செத்தவர்கள் 7 பேர். அவர்களுக்கு எச்சரிக்கை யந்திரம் இல்லை. பிரயோஜனமான ஞாபகம் இருந்தது.

இப்போது நமக்கு யந்திரமும் வந்துவிட்டது. 2007-லிருந்து ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வேலை செய்து வருகின்றது. 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா அருகே மறுபடியும் பெரும் பூகம்பம் நடந்தபோது எச்சரிக்கை வந்தது. சென்னைக் கரையிலிருந்து மக்கள் அப்புறப்பட்டார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. வந்திருந்தாலும் கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்க மாட்டார்கள். எந்தப் பூசை இதைச் செய்தது என்று கேட்கின்றோம்.

ஆகவே தோழர்களே! டிசம்பர் 26-ல் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், பூப்போடுங்கள், துக்கப்படுகிறவர்களை நாம் தடுக்க மாட்டோம். ஆனால் கடலில் பாலை ஊற்றாதீர்கள். அதைக் கரையிலிருக்கும் ஒரு குழந்தைக்குக் கொடுங்கள். அதே நாளில் கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும், சுனாமி ஓர் அலையல்ல, பல அலை என்பதையும், முதல் அலை திரும்பியதும் வேடிக்கை பார்க்கவோ சாமான் எடுக்கவோ இறங்கக் கூடாது என்பதையும், நிலம் ஆடினால் சங்கு ஊதும் வரை காத்திராமல் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பெண் குழந்தைகளுக்கு நீந்தவும் மரமேறவும் கற்றுக்கொடுங்கள். பிழைத்தவர்களின் கதைகளை அவர்கள் இருக்கும்போதே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வாங்குங்கள். காலஞ் சென்றால் அதிலும் கடவுள் புகுந்துகொள்வார்.

நாமும் இனிமேல் மேடையில் இதைப் பற்றிப் பேச நேர்ந்தால், முதலில் அந்த நோட்டுப் புத்தகத்தை வாசித்துவிட்டே பேசுவதாக இருக்கின்றோம். அன்று நாம் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேர அவகாசம் இருந்தும் அத்தனை ஆயிரம் பேருக்கு ஒரு வார்த்தை சொல்ல நாதியில்லாத நாட்டில் இருந்தோம். இதுவே நமது சாட்சி.