மற்போரும் மல்லாடலும்

மைசூர் ஹெப்பாளில் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் நண்பர் ஒருவர் இல்லத்தில் அண்மையில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன். தொலைக்காட்சியில் அமெரிக்க மற்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. இரும்பு நாற்காலியால் அடியுண்டு நெற்றியில் குருதி வழியக் கிடந்த மல்லனைக் கண்டு நண்பரின் பத்து வயது மகன் கண் கலங்கினான். "எல்லாம் எழுதிவைத்த கதையடா" என்றார் தந்தை. "இரத்தமும் எழுதிவைத்ததா அப்பா?" என்று கேட்டான் சிறுவன். கூடியிருந்தோர் நகைத்தனர். எனக்கு நகை வரவில்லை.

"அது நாடகம் என்பதை உலகறியும்; நாடகத்தைக் கண்டு களிப்பதில் குற்றம் யாது?" என வினவுவோர் உளர். குற்றம் நாடகத்தில் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் மல்லாடலும் ஒன்று. மாயவன் மல்லனாகி அவுணனை வென்ற கதை அது. அதனைக் கண்ட எவரும் உண்மைப் போர் என்று மயங்கியிருக்க மாட்டார். புறநானூற்றிலோ போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத போர் மெய்யான போர். அவன் வெற்றியைத் தந்தை தித்தன் காணவில்லையே எனச் சாத்தந்தையார் ஏங்குகிறார். வென்றான் என்றும் வென்றிலன் என்றும் ஊர் இருபிரிவாகப் பேசியதை நக்கண்ணையார் பதிவு செய்கிறார். முடிவு முன்னரே எழுதப்பட்டிருந்தால் அந்த ஏக்கத்துக்கும் அந்தப் பூசலுக்கும் இடமேது? போருக்கு ஒரு பெயர், ஆடலுக்கு ஒரு பெயர் என நம் முன்னோர் தெளிவாக வைத்திருந்தனர். தெருக்கூத்திலும் கட்டியங்காரன் வந்து, இன்னார் இன்ன வேடம் புனைந்து வருகிறார் என்று கூறிய பின்னரும் நாம் அழவில்லையா? பொய் சொல்லாமலேயே அழவைக்கும் கலை நம்மிடம் இருந்தது.

தொழில்முறை மற்போரை நடத்துவோர் செய்வதோ வேறு. 1989இல் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன், இது விளையாட்டுப் போட்டியன்று, பொழுதுபோக்கே என்று மக்மேன் நிறுவனத்தார் தாமே ஒப்புக்கொண்டனர். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதே நோக்கம். வரி கேட்டால் கூத்து, நுழைவுச்சீட்டு விற்றால் போர்! இந்த இரட்டை நாவைத்தான் நான் கண்டிக்கிறேன்.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் மல்லர்களே. 1999 மே 23 அன்று கான்சாஸ் நகரில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டிய ஓவன் ஹார்ட் தவறி வீழ்ந்து மாண்டார். "இது நிகழ்ச்சியின் பகுதியன்று" என்று வருணனையாளர் தொலைக்காட்சி நேயரிடம் மன்றாட வேண்டியிருந்தது. அரங்கில் இருந்தோருக்கு அவர் இறப்பு அறிவிக்கப்படவே இல்லை. எஞ்சிய போட்டிகளும் நடந்தேறின. 2007 ஜூன் 11 அன்று நிறுவனத் தலைவர் மக்மேன் வாகன வெடிப்பில் இறந்ததாகக் கதை கட்டினர். இரு வாரத்தில் கிறிஸ் பென்வாவும் அவர் மனைவியும் மகனும் மெய்யாகவே இறந்தனர். அதனை அறிவிக்க, 'இறந்த' மக்மேனே உயிரோடு திரையில் தோன்றினார். பொய்ச் சாவை விற்றவர் வாயிலிருந்து மெய்ச் சாவைக் கேட்க நேர்ந்த கொடுமை இது!

நம் நாட்டிலும் இம்மயக்கம் பழையதே. தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய போட்டிகளை மெய்யென நம்பியோரும் ஐயுற்றோரும் வீட்டுக்கு வீடு வாதிட்டனர். தாராசிங் பின்னர்த் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக நடித்தார். அங்கே வாதம் எழவில்லை, வேடம் வேடமென்றே அறிவிக்கப்பட்டதால்.

எதிர்ச்சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. விசயதசமியன்று மைசூர் அரண்மனை முற்றத்தில் ஜெட்டிகளின் வச்சிரமுட்டிப் போர் நடைபெறுகிறது. தலை மழித்த மல்லர் இருவர், கைவிரல்களில் முள்முட்டி பூண்டு மோதுவர். முதற்குருதி கண்டதும் போர் நிறுத்தப்படும். சில நொடிகளில் முடிவதும் உண்டு. அது சடங்குதான். நாளும் களமும் முறையும் முன்னரே வகுக்கப்பட்டவை. ஆயினும் எவர் தலையில் குருதி துளிர்க்கும் என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை; சடங்கென்பதை மறைப்பதும் இல்லை. குருதி கண்டபின் அடிப்பவரும் இல்லை. அமெரிக்க மேடையிலோ ஆட்டத்தைச் சூடேற்றவே சிலர் தம் நெற்றியைத் தாமே கத்தித் துணுக்கால் கீறிக்கொண்டனர். சிறுவனின் வினாவுக்கு விடை இதுதான்: எழுதிவைத்ததும் உண்மை, குருதியும் உண்மை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியை அணைத்தார். அடுத்த தசராவில் செம்மண் களத்தில் நடக்கும் குத்துச்சண்டையன்று, குஸ்தியைக் காட்ட அச்சிறுவனை அழைத்துச் செல்வதாகக் கூறியிருக்கிறேன். யார் வெல்வார் என்று இப்போதே கேட்கிறான். தெரியாது என்றேன்.