81 கோடி பேர் ஆதார் விற்பனைக்கு! தலைக்கு ஒரு பைசா கூட இல்லை!!

கேட்ட விலை 80 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 66 லட்சம் ரூபாய். சரக்கு? 81½ கோடி இந்தியர்களின் ஆதார், பாஸ்போர்ட் விவரங்கள்! வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு பைசா கூடத் தேறவில்லை.

2023 அக்டோபர் 9-ந்தேதி, திருட்டுத் தகவல் விற்கும் கள்ளச் சந்தையில் புனைபெயர் ஆசாமி ஒருவன் இப்படிக் கடை விரித்தான். இதை மோப்பம் பிடித்து வெளியே சொன்னது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள 'ரிசெக்யூரிட்டி' என்ற தனியார் கம்பெனி.

இந்த மாதிரி கம்பெனிகளுக்கு வேலையே இதுதான். இன்டர்நெட்டில் 'டார்க் வெப்' என்று ஓர் இருட்டுப் பேட்டை உண்டு. கூகுளில் தேடினால் கிடைக்காது. உள்ளே போக 'டோர்' என்ற தனி சாப்ட்வேர் வேண்டும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990-களில் பிறந்த நுட்பம் அது. இன்று பாஸ்வேர்டு, பேங்க் கார்டு, போதை மருந்து எல்லாம் அங்கே கைமாறுகிறது. அங்கும், அதை ஒட்டிய திருட்டுச் சந்தைகளிலும் கம்பெனி ஆட்கள் மாறு பெயரில் நுழைந்து நோட்டம் விடுவார்கள்.

ஆதார் விஷயத்திலும் அந்த ஆசாமியிடமே பேச்சுக் கொடுத்தார்கள். விலையைக் கறந்தார்கள். சாம்பிள் வாங்கினார்கள். ஒரு சாம்பிளில் மட்டும் 1 லட்சம் பேர்! பெயர், அப்பா பெயர், வயது, போன் நம்பர், முகவரி, பின்கோடு வரை இருந்தது. சில நம்பர்களை அரசின் ஆதார் சரிபார்ப்புப் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தார்கள். அசல்!

(81½ கோடியும் அசலா என்பது வேறு விஷயம். சாம்பிளைக் காட்டி மூட்டையை விற்பது சந்தைக்குப் புதுசு இல்லை.)

டிசம்பரில் டெல்லி போலீசார் 4 பேரை வளைத்துப் பிடித்தனர். ஒருவர் ஒடிசாவைச் சேர்ந்த பி.டெக். பட்டதாரி. ஒருவர் ஜான்சிக்காரர். அரியானாவைச் சேர்ந்த இருவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். ஆன்லைன் விளையாட்டில் பழக்கமாம்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோட்டக்காரன் திருட்டைத் தடுப்பதில்லை. சரக்கு சந்தைக்கு வந்த பிறகுதான் அவன் கண்ணில் படும். வீட்டில் திருட்டுப் போனால் பீரோ திறந்து கிடக்கும், தெரிந்துவிடும். தகவல் திருட்டில் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும்! அதனால்தான் பேங்குகளும் பெரிய கம்பெனிகளும் காசு கொடுத்து இப்படிக் காவல் வைக்கின்றன. பாஸ்வேர்டு போனால் உடனே மாற்றிவிடலாம். ஆதார் நம்பரை அப்படி மாற்ற முடியுமா? அப்பா பெயரை?

காசு கொடுத்த கம்பெனிக்கு உடனே தகவல் போகும். ரேஷன் கடை க்யூவில் நிற்பவருக்கு யார் சொல்வது?

சொல்லியே ஆக வேண்டும் என்று 2023-ல் சட்டம் வந்தது. யாரிடமிருந்து தகவல் கசிந்ததோ அவர்களே பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அமலுக்குக் கொண்டுவர கம்பெனிகளுக்கு அதிலும் 18 மாத அவகாசம்!