"நமக்கெதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு ஒரு டம்ளர் தேநீர்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் நம் பள்ளிப் பிள்ளை ஒருவன் போன வாரம் தைவானிலிருந்து 100 கிராம் ஊலாங் தேயிலை கொண்டுவந்து கொடுத்தான். "டீச்சர், பாலும் வேணாம், சர்க்கரையும் வேணாம். அப்படியே குடிச்சுப் பாருங்க" என்றான். குடித்தேன். படம் எடுத்துக் குடும்பக் குழுவிலும் போட்டேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள். "அத்தை, இது டீயா, மீன் கழுவின தண்ணியா?" என்றான் ஒருவன். "ரிட்டயர் ஆனதும் டீச்சர் பெரிய மனுஷி ஆயிட்டாங்க" என்றாள் இன்னொருத்தி. இரண்டுக்கும் நானே சிரித்தேன். மூன்றாவது பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை. "இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம். நமக்கெதுக்கு?"

இந்த "நமக்கெதுக்கு" எனக்குப் பழைய எதிரி. நன்றாகப் படித்த ஒரு பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்தப் பார்த்தபோது அவள் அப்பா வலையைப் பின்னிக்கொண்டே சொன்னதும் இதே வார்த்தைதான்: "மேல படிப்பெல்லாம் நமக்கெதுக்கு டீச்சர்?" அந்த வாசலுக்கு நான்கு தடவை நடந்தேன். இன்று அவள் நர்ஸ். அதனால் இந்த வார்த்தை எந்த உருவத்தில் வந்தாலும் நான் விடமாட்டேன். டீ டம்ளரில் வந்தாலும் சரி.

பணக்காரர் நாக்கு வேறு, நம் நாக்கு வேறா? பழவேற்காட்டில் மீன் விற்கும் ஒரு பெண்மணியிடம் போய், நேற்றைய மடவையை இன்றைய மடவை என்று விற்றுப் பாருங்கள். செவுளைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் தூக்கி எறிவாள். ஏரி இறாலும் பண்ணை இறாலும் குழம்பில் கலந்து கிடந்தாலும் பிரித்துச் சொல்லும் நாக்கு நம்முடையது. இந்த நாக்குக்குத் தேயிலையின் ருசி தெரியாது என்று யார் சொன்னது? நாமே சொல்லிக்கொண்டோம்.

அந்த இலையில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒரே மீனைக் குழம்பு வைக்கிறோம், உப்புக்கண்டம் போடுகிறோம், கருவாடாகக் காயவைக்கிறோம். மீன் ஒன்று, பக்குவம் மூன்று. தேயிலையும் அப்படித்தான். பறித்த உடனே சூடு காட்டினால் பச்சைத் தேயிலை. சீனாவின் லோங்ஜிங் அந்த வகை. முழுக்கச் சிவக்க விட்டால் கறுப்புத் தேயிலை. ஊலாங் இரண்டுக்கும் நடுவில். இலையை வாடவைத்து, மூங்கில் தட்டில் குலுக்கி, ஓரம் சிவந்ததும் சூடு காட்டி நிறுத்துகிறார்கள். எப்போது நிறுத்துவது என்பதை மூக்குதான் சொல்லும். தைவானில் தத்துப்பூச்சி கடித்த இலையைக் கழித்துக் கட்டாமல், அதிலிருந்தே தேன் மணக்கும் ஊலாங் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். இது பணக்காரத்தனமா, பாட்டாளியின் கெட்டிக்காரத்தனமா?

விலைக்கு வருவோம். கணக்கு நோட்டை எடுங்கள். 100 கிராம் 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 5 கிராம், அதாவது 50 ரூபாய். அதே இலையில் ஐந்து தடவை வெந்நீர் ஊற்றலாம். ஒவ்வொரு தடவையும் ருசி மாறும். நான் குடித்ததில் முதலில் வறுத்த வாசம், மூன்றாவதில் பூ வாசம். ஆக, ஒரு சின்ன டம்ளர் 10 ரூபாய். கடைத்தெருவில் நின்று குடிக்கும் டீ என்ன விலை? நீங்களே சொல்லுங்கள்.

அந்நியப் பொருள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தேயிலையில் இருக்கும் "தே" என்பதே சீனாவின் புஜியன் கடற்கரை மக்களின் சொல். அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது டச்சுக் கம்பெனி. அதே கம்பெனிதான் 1613-இல் நம் ஊரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, இங்கிருந்து துணி ஏற்றிக் கிழக்கே அனுப்பியது. நாம் விளையாடிய கல்லறைத் தோட்டத்தில் தூங்குகிறவர்கள் அவர்கள்தான்.

சீனாவும் தைவானும் தூரம் என்றால் நீலகிரிக்கு வாருங்கள். 2006-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தப்படி வந்த நம் தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவானவை டான்டீ தோட்டங்கள். நம் பெண்கள் பறித்த இலையின் நல்ல ருசி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் ஏரியின் பெரிய நண்டும் முதல் தர இறாலும் ஐஸ் பெட்டியில் ஏறி எங்கோ போகின்றன. கால் ஒடிந்த நண்டு நம் சட்டிக்கு வருகிறது. தேயிலையிலும் அதே கதைதான். நல்லது அடுத்தவனுக்கு, மிச்சம் நமக்கு என்று நாமே பழகிவிட்டோம். என் கோபம் அதன் மேல்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்குப் படகு தள்ளப் போகிறவனுக்குப் பாலும் சர்க்கரையும் போட்ட சூடான டஸ்ட் டீதான் வேண்டும். அது குப்பையும் அல்ல, கேவலமும் அல்ல. என் அப்பா அதைக் குடித்துத்தான் கடலுக்குப் போனார். நானும் காலையில் அதைத்தான் குடிக்கிறேன். எடை குறையும், சர்க்கரை குறையும் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பியும் நான் இதை எழுதவில்லை. "அது மட்டும்தான் நமக்கு" என்று கோடு போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பீங்கான் கிண்ணம், மரத் தட்டு எதுவும் வேண்டாம். எவர்சில்வர் டம்ளரும் வடிகட்டியும் போதும். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் தைவான் ஊலாங்கும் நீலகிரி இலைத் தேயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். "மீன் கழுவின தண்ணி" என்று சொன்ன மருமகன் கண்டிப்பாக வரவேண்டும். குடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். குடிக்காமலே நமக்கெதுக்கு என்று சொன்னால் மட்டும் பெஞ்ச் மேல் ஏற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டீச்சர்