வீட்டு வரியும் ஏழையின் கூலியும்

காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஊராட்சி மன்றம் வீட்டு வரி வசூலிக்கிறது. பக்கத்துச் சின்னாளபட்டியில் பேரூராட்சி சொத்து வரி வசூலிக்கிறது. பெயர்தான் வேறு. இரண்டிலும் வீட்டை அளக்கிறார்களே தவிர, கூலி என்னவென்று கேட்பதில்லை.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு சர்க்கார் நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தியது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு நூற்றுக்கு 25. அதற்கு மேல் 1,200 வரை 50. தாயும் தம்பி குடும்பமும் ஒண்டியிருக்கும் மில் தொழிலாளியின் 650 சதுர அடி ஓட்டு வீடு எந்தக் கணக்கில் விழும்? 50-ல்தான்! அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் நூற்றுக்கு 5 தள்ளுபடியாம். கையில் ரொக்கம் உள்ளவருக்குத் தள்ளுபடி, சம்பளத்தை எதிர்பார்த்து நிற்பவருக்கு மாதம் நூற்றுக்கு 1 வட்டி. நல்ல நியாயம்!

15-வது நிதிக் கமிஷனின் நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். அந்த நிபந்தனை கேரளத்துக்கும் உண்டு. அங்கே 2023-ல், ஒருவர் சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீடு 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருந்தால் வரியே இல்லையென்று ஆக்கினார்கள். பம்பாயில் 2022 முதல் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு வரி தள்ளுபடி. இங்கிலாந்தில் வருமானம் குறைந்தவர் உள்ளூர் மன்றத்துக்கு மனுச் செய்து வரிக் குறைப்புப் பெறலாம்.

குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பணம் வேண்டும், மறுக்கவில்லை. அதைப் பெரிய மாளிகைகளிடம் கேட்கட்டும். கேரளத்தைப் போன்ற விலக்கு இங்கும் வேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். அதுவரை, நோட்டீசில் போட்டுள்ள சதுர அடியை நீங்களே அளந்து பாருங்கள். கூடியிருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, தேதியிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள்.