பெட்டியைக் கூட்டினால் சிக்னல் கூடுமா?

அலுவலகத்தில் வை-ஃபை சரியில்லை என்று புகார் எழுந்தால் உடனே கிடைக்கும் வைத்தியம் இதுதான்: இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வாங்கி மாட்டு, எல்லாவற்றிலும் பவரை முழுசாக வை! அளந்து பார்க்காமல் செய்தால் இந்த வைத்தியம் நோயைத்தான் கூட்டும்.

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே போகிறார். வாஞ்சூரில் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பேச்சு அறுவதில்லை. ஒரு டவரின் வீச்சு முடியுமுன்பே அடுத்த டவரின் வீச்சு தொடங்கிவிடுகிறது. எப்போது மாறவேண்டும் என்பதையும் நெட்வொர்க்கே போனுக்குச் சொல்லிவிடுகிறது.

வை-ஃபையில் அப்படி இல்லை. எந்தப் பெட்டியைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவெடுப்பது போனும் லேப்டாப்பும்தான். ஐபோனை எடுத்துக்கொண்டால், சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் அடுத்த பெட்டி நன்றாகக் கேட்டால் தப்பிக்கலாம். கேட்காவிட்டால் இணைப்பு தள்ளாடும். இரண்டு பெட்டிகளின் வீச்சு கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும் என்பது இதற்காகத்தான்.

அப்படியென்றால் பவரை ஏற்றிவிட்டால் என்ன? மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். அறிவிப்பு தெருக்கோடி வரை கேட்கும். தெருக்கோடியில் இருப்பவர் பதிலுக்குக் கத்தினால் மேடைக்குக் கேட்காது. போனின் பவர் பெரும்பாலும் ஆக்சஸ் பாயிண்டை விடக் குறைவு. திரையில் சிக்னல் கோடுகள் நிறைய நிற்கும், ஆனால் பக்கம் திறக்காது! தூரத்துப் பெட்டியின் சத்தம் பலமாகக் கேட்பதால், போன் பக்கத்துப் பெட்டிக்கு மாறவும் மாறாது.

அளவுக்கு மிஞ்சிப் பெட்டிகளை நெருக்கினாலும் கெடுதல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. ஒரே கூடத்தில் நான்கு பெட்டிகள் மாட்டினால் இரண்டாவது ஒரே சேனலில் விழும். ஒன்று பேசும்போது மற்றது வாய்மூடிக் காத்திருக்கும். நான்கு பெட்டிக்குப் பணம் கொடுத்து மூன்றின் வேலையை வாங்குவதுதான் மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம். 2018-ல் மத்திய அரசு அங்கே இன்னும் கொஞ்சம் அலைவரிசையை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டுவதில் இன்னும் சோப்ளாங்கி.

சுவர் என்றதும் காரைக்காலுக்கு வந்துவிடலாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அந்தக் காலத்துக் கட்டடங்களில் தடித்த செங்கல் சுவர்கள். சென்னை ஐடி பூங்காவின் ஜிப்சம் பலகைத் தடுப்பு சுமார் 3 டெசிபல் தின்றால், தடித்த சுவர் 10 டெசிபலுக்கு மேலும் தின்னும். 3 டெசிபல் போனால் சிக்னலில் பாதி மிஞ்சும், 10 போனால் பத்தில் ஒரு பங்குதான். அங்கே போட்ட திட்டத்தை இங்கே நகலெடுப்பது எப்படிச் சரியாகும்?

பாடப்புத்தகங்கள் 15 முதல் 20 சதவீதம் வீச்சு மேல்விழவேண்டும் என்கின்றன. காகிதத்தில் வட்டம் வரைய அது சரி. தடித்த சுவருக்கு நடுவே சிக்னல் வட்டமாகப் பரவுவதில்லை. எனவே சதவீதத்தை விட்டுவிட்டு அளக்கவேண்டும். ஒரு லேப்டாப், கட்டடத்தின் வரைபடம், ஒரு நாள் நடை போதும். எல்லா மேஜையிலும் ஒரு பெட்டி -67 டிபிஎம் அல்லது அதைவிடப் பலமாகக் கேட்கிறதா, ஆட்கள் நடந்து திரியும் இடங்களில் அடுத்ததும் ஏறக்குறைய அதே அளவு கேட்கிறதா என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

டெண்டரில் "ஆக்சஸ் பாயிண்ட் 12" என்று எண்ணிக்கை கேட்பதற்கு முன், இந்த அளவு வரைபடத்தைக் கேட்கட்டும். திருநள்ளாறு கொம்யூனிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சான்றிதழுக்காக வருகிறவரிடம் "நெட் இல்லை, நாளை வாங்க" என்று சொல்வதை விட அது மலிவு.