ஆலையை மூடுவது அந்நிய முதலாளியா?

பல தலைமுறையாக ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்துவந்த உள்நாட்டு நிறுவனத்தை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாங்குகிறது என்று செய்தி வந்தால், கூடவே தீர்ப்பும் வந்துவிடுகிறது. “இனி அவ்வளவுதான். ஆலையை மூடுவார்கள், தொழில்நுட்பத்தை அள்ளிக்கொண்டு போவார்கள், பழைய பெயரை வைத்துக் கொஞ்ச நாள் வியாபாரம் பார்ப்பார்கள்.” 2016இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் வீட்டுச் சாதனப் பிரிவைச் சீனாவின் ஹையர் நிறுவனத்துக்கு விற்றபோதும் இதையேதான் சொன்னார்கள்.

சொன்னவர்களில் பலர் வேலை போய்விடுமோ என்று அஞ்சியவர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைத் தவறாகக் கணித்தால் ஆலையையும் காப்பாற்ற முடியாது, வேலையையும் காப்பாற்ற முடியாது. அமெரிக்க வீட்டுச் சாதனத் தொழிலின் கடந்த இருபது ஆண்டு நடப்பு கண்முன் இருக்கிறது. அதை வைத்து அந்தத் தீர்ப்பின் ஒவ்வொரு வாதத்தையும் சோதித்துப் பார்ப்போம்.

வாதம் 1: “நன்றாக நடந்த நிறுவனத்தை அந்நியர் வந்து பறித்துக்கொண்டார்கள்.”

யாரும் பறிக்கவில்லை. விற்றவருக்கு அந்தத் தொழில் வேண்டாமென்று ஆகி எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. கென்டகி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் எழுப்பிய ‘அப்ளையன்ஸ் பார்க்’ ஆலை வளாகம், தனக்கென ஓர் அஞ்சல் குறியீட்டு எண் பெறும் அளவுக்குப் பெரியது. 1973இல் அங்கே சுமார் 23,000 பேர் வேலை பார்த்தார்கள். 2011இல் அந்த எண்ணிக்கை 2,000க்கும் கீழே போயிருந்தது. இந்தச் சரிவு முழுவதும் அமெரிக்க உரிமையாளரின் கீழ், அமெரிக்க நிர்வாகிகளின் கையெழுத்தில் நடந்தது.

2008இலேயே தலைமை நிர்வாகி ஜெஃப் இம்மெல்ட் இந்தப் பிரிவை விற்கவோ பிரித்துவிடவோ முயன்றார். நிதி நெருக்கடி வந்ததால் வாங்க ஆளில்லை. பிறகு சில ஆண்டுகள் லூயிவில்லில் முதலீடு செய்து, சீனாவில் செய்துவந்த வாட்டர் ஹீட்டர் தயாரிப்பைக்கூட அங்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குரிய பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனாலும் 2014இல் பிரிவு மறுபடியும் விற்பனைக்கு வந்தது. மின்சார டர்பைனும் விமான எஞ்சினும்தான் எதிர்காலம் என்று முடிவு செய்துவிட்ட நிறுவனத்தில் ஃப்ரிட்ஜுக்கு யார் தொடர்ந்து பணம் ஒதுக்குவார்கள்? உரிமையாளருக்கு ஆர்வம் போய்விட்ட தொழில், அவர் உள்ளூர்க்காரர் என்பதால் மட்டும் தழைத்துவிடாது.

வாதம் 2: “அந்நியர் வாங்கினால் ஆலையை மூடுவார்கள்.”

எல்லாருக்கும் எளிதில் நம்பத் தோன்றும் வாதம் இது. இதற்கு மறுப்பு ஐயோவா மாநிலத்தின் நியூட்டன் என்ற சிறுநகரில் இருக்கிறது. 1893இல் அங்கே தொடங்கப்பட்ட மேடேக் நிறுவனம், வாஷிங் மெஷின் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக அமெரிக்காவில் வளர்ந்தது. 2005இல் அது தள்ளாடியபோது, இரண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து ஹையர் 128 கோடி டாலருக்கு அதைக் கேட்டது. அதைவிட அதிக விலை சொல்லி முன்னே வந்தது அமெரிக்காவின் வேர்ல்பூல். ஹையர் விலகிக்கொண்டது. 2006இல் மேடேக் வேர்ல்பூலின் கைக்குப் போனது. அமெரிக்கச் சின்னம் அமெரிக்கர் கையிலேயே தங்கியதில் பலருக்கு நிம்மதி.

வாங்கிய சில வாரங்களிலேயே நியூட்டன் ஆலையையும் தலைமையகத்தையும் மூடப்போவதாக வேர்ல்பூல் அறிவித்தது. 2007 இலையுதிர் காலத்தில் ஆலை மூடப்பட்டது. அந்த ஊரில் சுமார் 1,800 வேலைகள் போயின. காரணம் மிக எளிது: வேர்ல்பூலுக்கு ஒஹையோவின் கிளைட் நகரில் ஏற்கெனவே பெரிய வாஷிங் மெஷின் ஆலை இருந்தது. ஒரே பொருளைச் செய்ய இரண்டு ஆலை எதற்கு என்று எந்த நிறுவனமும் கேட்கும். அந்தக் கேள்விக்கு நியூட்டன் பலியானது.

அதற்கும் முன்பே, மேடேக் தனித்து நின்ற காலத்திலேயே, இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் ஃப்ரிட்ஜ் ஆலையை 2004இல் மூடி உற்பத்தியை மெக்சிகோவுக்கு அனுப்பியது. 1,600 பேர் வேலை இழந்தார்கள். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பராக் ஒபாமா ஆற்றிய புகழ்பெற்ற உரையில் அந்தத் தொழிலாளர்கள் இடம்பெற்றார்கள். அப்போது மேடேக்கின் பங்குகளில் சீன நிழல்கூட விழவில்லை.

இப்போது லூயிவில்லுக்கு வருவோம். ஹையருக்கு அமெரிக்காவில் இருந்த உற்பத்தித் தளம், தென் கரோலினாவின் கேம்டனில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஃப்ரிட்ஜ் ஆலை ஒன்றுதான். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆலைகளை மூடிவிட்டு வேலையை மாற்றிக்கொள்ள அந்நாட்டில் அதற்கு வேறு இடம் இல்லை. அமெரிக்கச் சந்தைக்குள் நுழையவே அந்த ஆலைகளையும் விற்பனை வலையையும் 540 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. விற்பனையின்போது ஏறத்தாழ 12,000 ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை பின்னர் 15,000ஐத் தாண்டியது. 2021இல் லூயிவில் வளாகத்துக்கு 45 கோடி டாலர் முதலீடு அறிவிக்கப்பட்டது. 2025 ஜூனில், சீனாவில் செய்துவந்த வாஷிங் மெஷின்களை லூயிவில்லுக்குக் கொண்டுவர 49 கோடி டாலர், 800 வேலை என்று அறிவித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஐந்து ஆண்டுகளில் 300 கோடி டாலர் என்ற பெரிய திட்டமும் வந்தது.

ஹையருக்கு அமெரிக்கத் தொழிலாளர்மேல் தனிப்பாசம் என்று நான் சொல்லவரவில்லை. இறக்குமதி வரியும் சரக்குக் கப்பல் செலவும் சந்தைக்கு அருகில் உற்பத்தி செய்வதன் லாபமும் சேர்ந்து அவர்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தன. வேர்ல்பூல் நியூட்டனை மூடியதும் வெறுப்பால் அல்ல. இரண்டு ஊர்களின் தலைவிதியையும் தீர்மானித்தது வாங்கியவரிடம் அதே பொருளைச் செய்யும் இன்னோர் ஆலை பக்கத்தில் இருந்ததா இல்லையா என்பதுதான்.

வாதம் 3: “பெயர் அழிந்துபோகும்.”

ஹையர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ‘ஜி.இ.’ பெயரை 40 ஆண்டுகளுக்குப் பயன்படுத்த உரிமம் பெற்றது. அந்தப் பெயருக்காகவும்தானே அவ்வளவு பணம் கொடுத்தார்கள்? காசு கொடுத்து வாங்கிய பெயரை அழிப்பதில் வாங்கியவருக்கு என்ன லாபம்? பெயரைக் கொடுத்த நிறுவனத்தின் நிலையையும் பாருங்கள். எடிசன் காலத்து ஜெனரல் எலெக்ட்ரிக் 2024 ஏப்ரலில் முற்றாகப் பிரிந்தது. மருத்துவக் கருவிகள், மின்சாரம், விமான எஞ்சின் என்று மூன்று தனி நிறுவனங்களாயின. பழைய கூட்டு நிறுவனம் இன்று இல்லை. சமையலறையில் அதன் பெயர் வாழ்கிறதென்றால் அதற்குக் காரணம் சீனாவின் சிங்தாவோவில் இருக்கும் உரிமையாளர்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 1978இல் சென்னையில் தொடங்கிய ப்ரீத்தி மிக்ஸியை 2011இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் வாங்கியது. பத்து ஆண்டு கழித்து பிலிப்ஸ் தன் வீட்டுச் சாதனப் பிரிவு முழுவதையும் ஹில்ஹவுஸ் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. முதலாளி இரண்டு முறை மாறிய பிறகும் தமிழ்நாட்டுக் கடைகளில் ப்ரீத்தி ப்ரீத்தியாகவே விற்கிறது.

வாதம் 4: “தொழில்நுட்பம் கைவிட்டுப் போகும்.”

காப்புரிமைகள் புதிய உரிமையாளருக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் ஃப்ரிட்ஜின் சத்தத்தைக் குறைப்பதும் வாஷிங் மெஷினை உடைந்துபோகாமல் பத்து ஆண்டு ஓட வைப்பதும் காப்புரிமைத் தாளில் மட்டும் இல்லை. வடிவமைப்பவர், அச்சு செய்பவர், சோதனைக்கூடத்தில் நிற்பவர் ஆகியோரின் கையிலும் அனுபவத்திலும் இருக்கின்றன. அவர்களை வைத்துக்கொள்பவரிடமே தொழில்நுட்பம் தங்கும். லூயிவில் தலைமையகம் அங்கேயே தொடர்கிறது. 2017இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த கெவின் நோலன், ஜெனரல் எலெக்ட்ரிக்கிலேயே பல்லாண்டு வேலை பார்த்த பொறியாளர். புதிய கருவிகளைச் செய்து பார்க்க 2014இல் அந்நகரில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பில்ட்’ பட்டறையும் விற்பனைக்குப் பிறகு நின்றுவிடவில்லை.

ஹையரின் கதையே இதற்குச் சான்று. 1984இல் ஜாங் ருய்மின் பொறுப்பேற்ற நொடிந்துபோன ஃப்ரிட்ஜ் ஆலை, ஜெர்மனியின் லீப்ஹெர் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் பெற்றது. வாங்கிய நுட்பம் அதைத் தானாக உயர்த்திவிடவில்லை. குறையுள்ள 76 ஃப்ரிட்ஜ்களை 1985இல் தொழிலாளர் கையாலேயே சம்மட்டியால் உடைக்க வைத்து, தரம் என்றால் என்ன என்று ஆலைக்குப் புரியவைத்தார் ஜாங். கற்கத் தயாரான தொழிலாளர்தான் அந்த நுட்பத்துக்கு உயிர் கொடுத்தார்கள்.

வாதம் 5: “லாபம் வெளிநாட்டுக்குப் போய்விடும்.”

பங்காதாயம் போகும். இதை மறுக்க முடியாது. ஆனால் முன்பு அது எங்கே போனது? லூயிவில் சம்பாதித்த லாபம் கனெக்டிகட் மாநிலத் தலைமையகத்துக்குப் போனது. வீட்டுச் சாதனப் பிரிவை விற்க முயன்ற அதே காலத்தில்தான் ஜெனரல் எலெக்ட்ரிக் பிரான்சின் அல்ஸ்தோம் மின்சாரப் பிரிவை வாங்கிப் பெரும் பணத்தைக் கொட்டியது. 2018இல் அந்த மின்சாரத் தொழிலுக்காக ஏறத்தாழ 2,200 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய நேர்ந்தது. உள்நாட்டு முதலாளியின் முதலும் எல்லை தாண்டும். ஓர் ஊருக்கு உண்மையில் தங்குவது சம்பளம், உதிரிபாகம் தரும் சிறுதொழில்கள், உள்ளூர் வரி. ஆலை ஓடும்வரை அவை தங்கும்.

எதிர்த்தரப்பில் உள்ள உண்மை

நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் 1934இல் தொடங்கிய நிறுவனம். 2012இல் ஹையர் அதை முழுமையாக வாங்கியது. 2016இல் ஆக்லாந்து ஃப்ரிட்ஜ் ஆலை மூடப்பட்டு, ஏறத்தாழ 190 பேர் வேலை இழந்தார்கள். இதை மறைத்துவிட்டு என் வாதத்தை வைக்க மாட்டேன். ஆனால் அந்நிறுவனம் நியூசிலாந்துப் பங்குதாரர்கள் கையில் இருந்த 2008இலேயே டனீடன் ஆலையை மூடி, நானூறுக்கு மேற்பட்டோரை அனுப்பியது. அரைக் கோடிக்கும் குறைவான மக்கள் கொண்ட சந்தைக்காகத் தனி ஆலை நடத்துவது இரண்டு உரிமையாளர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. ஹையருக்கு ஆசியாவில் வேறு ஆலைகள் இருந்தன. நியூட்டனை மூடவைத்த அதே கணக்கு ஆக்லாந்திலும் வேலை செய்தது. வடிவமைப்பு மையங்கள் மட்டும் நியூசிலாந்திலேயே நீடித்தன.

லூயிவில்லிலும் எல்லாம் நலமாக நடந்துவிடவில்லை. சீனாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த அந்த வாட்டர் ஹீட்டர் தயாரிப்பு, ஹையர் வாங்கிய ஆண்டிலேயே கைவிடப்பட்டது. இணையத்துடன் இணையும் சாதனங்கள் திரட்டும் வீட்டுத் தகவல் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியும் நியாயமானது. அதற்குத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் உள்நாட்டு நிறுவனத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

ஹையருக்கு முன்னால் இந்தப் பிரிவை 330 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ். அமெரிக்க நீதித்துறை 2015இல் வழக்குத் தொடுத்து அதை எதிர்த்தது. ஸ்வீடன் அந்நிய நாடு என்பதற்காக அல்ல. சமையல் அடுப்புச் சந்தையில் போட்டி குறைந்து விலை ஏறும் என்பதற்காக. அந்த ஒப்பந்தம் முறிந்தது. எலெக்ட்ரோலக்ஸுக்கு அமெரிக்காவிலேயே அடுப்பும் ஃப்ரிட்ஜும் செய்யும் ஆலைகள் இருந்தன. பின்னாளில் தன் செயின்ட் கிளவுட், மெம்ஃபிஸ் ஆலைகளையே அது மூடியது. அந்தக் கைக்கு லூயிவில் போயிருந்தால் அங்கும் ‘இரண்டு ஆலை எதற்கு’ என்ற கேள்வி எழுந்திருக்கும். வாடிக்கையாளருக்காகத் தொடுத்த வழக்கு, அந்த வகையில் தொழிலாளருக்கும் நன்மை செய்தது.

ஆகவே ஒரு பழைய நிறுவனம் கைமாறும்போது தொழிற்சங்கமும் அரசும் பத்திரிகைகளும் முதலில் கேட்க வேண்டியவை இவை: வாங்குபவரிடம் இதே பொருளைச் செய்யும் வேறு ஆலை எங்கெங்கே இருக்கிறது? எந்த ஆலையை எத்தனை ஆண்டு நடத்துவதாக எழுத்தில் தருகிறார்? பெயருக்கான உரிமம் எத்தனை ஆண்டு? ஆய்வுப் பிரிவு எந்த ஊரில் இருக்கும்? இந்த விற்பனைக்குப் பிறகு கடையில் வாங்குபவருக்கு எத்தனை மாற்று மிஞ்சும்? பதில் திருப்தி தராவிட்டால் ஒப்பந்தத்தைத் தடுக்கப் போராட வேண்டும், வாங்குபவர் நம் தெருவிலேயே பிறந்தவராக இருந்தாலும்.  வாங்குபவர் அமெரிக்கர் என்பது நியூட்டனைக் காப்பாற்றவில்லை. அதையே உத்தரவாதமாகக் கருதும் தவறை இன்னோர் ஊர் செய்யக் கூடாது.