முதல் ஆல்பத்துக்கும் ஸ்டெப் மார்க் உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் விளையாட்டு இணையத்தில் ஓயாமல் நடக்கிறது. போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் நடந்தது. முதலிடம் யாருக்கு என்பதில் பெரிய சண்டை. கடைசி இடத்தில் மட்டும் ஏகமனதான தீர்ப்பு: 1993-இல் வந்த முதல் ஆல்பம் 'பாப்லோ ஹனி'. "அதைக் கேட்கவே வேண்டாம் சார், நேரா ரெண்டாவதுக்குப் போயிடுங்க" என்று ஒருவர் எனக்கு வழியும் காட்டினார்.

நான் அந்த வழியில் போகவில்லை. என் மகன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய சிடி வீட்டில் இருக்கிறது. இந்த வாரம் மூன்று முறை முழுதாகக் கேட்டேன். 12 பாட்டு, சுமார் 42 நிமிடம். (இந்த வயசில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று உறவினர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பெரிய ஆல்பம் இல்லை. ஆனால் 'கேட்கவே வேண்டாம்' என்பதை ஏற்க மாட்டேன். கணக்கு வாத்தியாரிடம் விடைக்கு மட்டும் மார்க் கிடையாது. படிகளுக்கும் உண்டு.

அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ஆக்ஸ்போர்டு பக்கத்தில் அபிங்டன் என்ற ஊர். அங்கே ஒரே பள்ளியில் படித்த ஐந்து பையன்கள் 1985-இல் சேர்ந்த குழு இது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளி இசை அறையில் பயிற்சி செய்ததால் 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஐவரில் இளையவர் ஜானி கிரீன்வுட். கீபோர்டு வாசிக்கிறேன் என்று சேர்ந்து, பல மாதங்கள் சத்தமே வெளியே வராதபடி அணைத்துவைத்து வாசித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசி பெஞ்சில் வாயை மட்டும் அசைத்துக் கடவுள் வாழ்த்து பாடியவர்களுக்கு இது புரியும்.

1991 கடைசியில் இஎம்ஐ நிறுவனத்தோடு ஒப்பந்தம். பெயர் ரேடியோஹெட் என்று மாறியது. 1992-இல் ஏறத்தாழ மூன்று வாரத்தில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அவசரம் தெரிகிறது. அன்று புகழோடு இருந்த அமெரிக்கக் குழுக்களின் சாயல் பல பாட்டுகளில் அப்படியே இருக்கிறது. 'ஹவ் டூ யூ' வெறும் இரைச்சல். 'ஐ கான்ட்' கேட்டு முடித்த மறு நிமிடம் மறந்துபோகிறது. இவற்றுக்கெல்லாம் மார்க் போட எனக்கும் மனசு வரவில்லை.

இனி படிகளைப் பார்ப்போம். முதல் பாட்டு 'யூ'. ஆறு எண்ணிக்கையில் ஓடும் தாளம், நடுநடுவே ஓர் எண்ணிக்கையை விழுங்கிவிட்டு ஓடுகிறது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், கை தடுமாறும். கடைசிப் பாட்டு 'ப்ளோ அவுட்' பிரேசில் நாட்டுப் போசா நோவா தாளத்தின் சாயலில் மெல்ல ஆரம்பித்து, கிதார்களின் புயலில் போய் முடிகிறது. 1997-இல் 'ஓகே கம்ப்யூட்டர்' வந்தபோது உலகம் வியந்த துணிச்சலின் விதை இந்த இரண்டு பாட்டிலும் இருக்கிறது.

நடுவில் 'க்ரீப்'. ஸ்டுடியோவில் அவர்கள் அதை வாசித்தபோது, வேறு யாருடைய பாட்டோ என்று தயாரிப்பாளர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான்கே கோர்டு சுற்றிச் சுற்றி வருகிறது. மூன்றாவது சி மேஜர், நான்காவது சி மைனர். நம் கணக்கில், அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கு இறங்குகிறது. அந்த அரைப்படி இறக்கத்தில்தான் பாட்டின் சோகம் முழுதும் இருக்கிறது. பாட்டு இவ்வளவு அமைதியாகப் போவது பிடிக்காமல் ஜானி கிதாரை ஓங்கி அறைந்தார். பல்லவிக்கு முன்னால் வரும் அந்த 'கர்ர்' சத்தம்தான் இன்று பாட்டின் அடையாளம்.

1992-இல் சிங்கிளாக வந்தபோது அதை வாங்க ஆளில்லை. அடுத்த வருடம் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வானொலி வழியே பரவிய பிறகுதான் இங்கிலாந்து திரும்பிப் பார்த்தது. மறுபடி வெளியிட்டபோது அங்கே 7-ஆம் இடம். உடனே 'ஒரு பாட்டுக் குழு' என்ற முத்திரையும் விழுந்தது. 1994-இல் 'மை அயர்ன் லங்' என்ற பாட்டில் அவர்களே அந்த வெற்றியை இரும்பு நுரையீரலுக்கு ஒப்பிட்டார்கள். போலியோ காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இயந்திரம் நினைவிருக்கும். உயிரையும் காப்பாற்றும், எழுந்திருக்கவும் விடாது. பல வருடம் மேடையில் 'க்ரீப்' பாடாமலே இருந்தார்கள். 2016 சுற்றுப்பயணத்தில் மறுபடி பாடினார்கள். தன் முதல் வேலையோடு ஒருவர் சமாதானமாவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உங்களில் ஒருவர், இன்று நல்ல பெயர் எடுத்துவிட்டவர், தன் முதல் குறும்படத்தை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். "பார்க்கவே கூச்சமா இருக்கு சார்." அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். நடிப்பு சுமார்தான், சத்தம் சரியாகப் பதிவாகவில்லை. ஆனால் அம்மா வாசலில் செருப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போகும் அந்த ஒரு காட்சியை வேறு யாராலும் எடுத்திருக்க முடியாது. இப்போது எடுக்கும் படங்களுக்கெல்லாம் ஊற்று அதுதான்.

முதல் வேலையை மறைத்தால் நஷ்டம் அதைச் செய்தவருக்கு மட்டும் இல்லை. அடுத்து வரும் பையனும் பெண்ணும் உங்கள் பத்தாவது வேலையை மட்டும் பார்த்து, 'நமக்கு இது வராது' என்று பேனாவை மூடிவைத்துவிடுவார்கள். 'பாப்லோ ஹனி' கடையிலிருந்து காணாமல் போகவில்லை. அதனால்தான் எந்த ஊர் மாணவனும் அதைக் கேட்டுவிட்டு 'இவர்களும் இங்கேயிருந்துதான் கிளம்பினார்களா' என்று தைரியம் கொள்ள முடிகிறது. அந்த ஜானிதான் பிறகு திரைப்படங்களுக்கு இசையமைத்தார். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் ராஜஸ்தான் கலைஞர்களோடு உட்கார்ந்து 'ஜுனூன்' என்ற ஆல்பம் செய்தார். அது வெளிவந்தது 2015-இல்.

வீட்டுப்பாடம்: 'யூ', 'க்ரீப்', 'ப்ளோ அவுட்' மூன்றையும் கேட்டுவிட்டு, கீழே உங்கள் மார்க்கைப் போடுங்கள். குறும்படக்காரரே, உங்களுக்குத் தனியாக ஒரு வீட்டுப்பாடம். என்னவென்று உங்களுக்கே தெரியும்.